பெர்லின் நிபுணர்

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஜெயரூபன் கிரிப்டோ மைனிங் செய்யும் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு அடிக்கடி சூடேறி நின்றுபோனது. கேபிளை மாற்றியும், வோல்டேஜைக் குறைத்தும் சரிவரவில்லை.

"அறையைக் கூட்டுங்கோ. தூசி அடைச்சிருக்கும்," என்றாள் மனைவி தர்ஷிகா.

"உமக்கு இது விளங்காது."

அவன் இணையத்தில் தமிழ் மைனிங் குழுவொன்றில் உதவி கேட்டான். 'பெர்லின் நிபுணர்' என்பவர் பதில் எழுதினார்: "தூசிதான் காரணம். தினமும் அறையைக் கூட்டித் துடைக்கவும்."

"பாத்தீரோ, இதுதான் அறிவு!" என்று ஜெயரூபன் துடைப்பத்தை எடுத்தான். அதன்பின் கார்டு நிற்கவேயில்லை. மகிழ்ந்துபோய், "இனிக் கூட்டுறதை நிப்பாட்டலாமோ?" என்று நிபுணருக்கு எழுதினான்.

சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த தர்ஷிகாவின் கைபேசி சிணுங்கியது. அவள் நிதானமாகப் பதிலைத் தட்டினாள்: "கூடவே கூடாது. எண்ணெய்ப் புகையும் கார்டுக்கு ஆகாது. நாளையிலிருந்து குசினியையும் கழுவவும்."