மூன்று வார வண்டி

"இவ தொடற வரைக்கும் வண்டி தங்கமா இருந்துச்சு. தொட்ட மூணாம் நாள் புகையுது."

கணவர் பேசியது மெக்கானிக்கிடம். விரல் காட்டியது மனைவியை.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கினார். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காத கார். வாங்கி மூன்றே வாரம். சற்றுமுன் சிக்னலில் நின்றபோது பானெட் இடுக்குகளிலிருந்து குபுகுபுவென்று புகை கிளம்ப, இருவரும் வெலவெலத்துப்போய் இறங்கி ஓடியிருக்கிறார்கள். அப்புறம் நாலு பேர் கைகொடுக்க, எதிரிலிருந்த இந்தப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"நீங்க எவ்வளவு தூரம்மா ஓட்டினீங்க?" என்று மெக்கானிக் கேட்டார்.

"தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினேன். அவ்வளவுதான்."

அவளுக்கு லைசென்ஸ் வந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். திங்கட்கிழமை ஊரின் மறுகோடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்கவேண்டும், அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. இந்தக் காரை நம்பித்தான் வேலைக்கே ஒத்துக்கொண்டாளாம்.

"இது உன் வேலைன்னு தெரிஞ்சா சாவியை மறந்துடு," என்றார் கணவர். "இருபது வருஷமா ரோட்டுலயே கிடக்கறவன் நான். எனக்குத் தெரியாதா?"

அவள் குனிந்து கைப்பையைப் பார்த்தாள். அதன் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். மெக்கானிக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

ரேடியேட்டர் தண்ணீர் சரியாக இருந்தது. ஆயில் எங்கேயும் கசியவில்லை. ஒயர் ஒன்றும் உருகவில்லை. புது வண்டியில் மேல்பூச்சு சூடாகி லேசாகப் புகைவது உண்டுதான், ஆனால் அது முதல் வாரத்தோடு சரி. குனிந்து மோந்து பார்த்தார். காகிதம் தீய்ந்தாற்போல ஒரு காரமான நெடி. அவர் மூக்குக்குப் பழகிய நெடிதான். இருந்தாலும் மூன்று வார வண்டியில் அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

சூடு ஆறியதும் "ஒரு சுத்து பாத்துடுவோம்," என்று தானே ஸ்டியரிங்கைப் பிடித்தார். கணவர் பக்கத்தில், மனைவி பின்னால்.

அந்த ஒரு சுற்றுக்குள் மெக்கானிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. திருப்பத்துக்கு முன்னால் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார் கணவர். கியரை மாற்றச் சொன்னார். எதிரே சைக்கிள் வந்தால், பிரேக் தன்னிடம் இருப்பதுபோல் வெறும் தரையை மிதித்தார். முதல் கார் வாங்கியவர்களின் பதைப்பை மெக்கானிக் நிறையப் பார்த்திருக்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினார். இன்ஜின் உறுமியது, வண்டிதான் அந்த வேகத்துக்கு ஏறவில்லை.

ஓரமாக நிறுத்தினார்.

"கிளட்ச் கருகிடுச்சு சார்."

கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மூணு வாரத்துலயா?"

"வண்டி மேல தப்பில்ல. ஓட்டறவங்க கிளட்ச் மேல வெச்ச காலை எடுக்காம ஓட்டினா இப்படித்தான் தேயும். புதுசா கத்துக்கறவங்க செய்யறது."

"கேட்டுக்கிட்டியா?" கணவர் பின்னால் திரும்பினார். "இனிமே இந்த வண்டிப் பக்கமே நீ வரக்கூடாது."

அவள் முகம் செத்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

தெருமுனை வரைக்கும் ஒருதரம் போய்த் திரும்பினால் கிளட்ச் இவ்வளவு கருகாது. மெக்கானிக்குக் கணக்கு உதைத்தது. மெதுவாகத் திரும்பிவிடலாம், நீங்களே ஓட்டுங்கள் என்று கணவருக்கு இடம் மாறிக் கொடுத்தார்.

கணவர் நன்றாகவே ஓட்டினார். சிக்னல் போட்டார், கண்ணாடி பார்த்தார், குறை சொல்ல ஒன்றுமில்லை. மெக்கானிக்கின் கண் மட்டும் கீழேயே இருந்தது. கியர் மாறி முடிந்தது. நேரான, காலியான சாலை. கணவரின் இடது கால் கிளட்ச் மேலேயே, தன் சொந்த இடம்போல, சுகமாக உட்கார்ந்திருந்தது.

"சார், வண்டியை நிறுத்துங்க. நிறுத்திட்டு உங்க இடது காலைப் பாருங்க."

கணவர் குனிந்து பார்த்தார். அது வேறு யாருடைய காலோ என்பதுபோல் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. வண்டிக்குள் மறுபடியும் அந்தக் காரநெடி ஏறியது.

மெக்கானிக்குக் கோபமே வந்துவிட்டது. பாவம், ஒன்றுமறியாத பெண்ணை என்ன பேச்சுப் பேசிவிட்டார்.

"முதல் நாள் சொல்லித்தர்ற பாடம் சார் இது. உங்களுக்குக் கத்துக்கொடுத்த மாஸ்டர் யாரு? அவரை நிக்கவெச்சு நாலு கேள்வி கேக்கணும்."

மனைவிதான் இறங்கி, சுற்றி வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து சாவிக்காகக் கையை நீட்டினாள்.

"இவருக்குக் கத்துக்கொடுத்தவர் யாருன்னு தெரியாது," என்றாள் மெக்கானிக்கிடம். "எனக்கும் இந்த ஊர்ல பாதிப் பேருக்கும் கத்துக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இவர்தான்; இருபது வருஷமா பக்கத்து சீட்ல, மாஸ்டருக்குன்னு அங்க இருக்கற தனி கிளட்ச் மேல காலை வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தவர், ஸ்டியரிங் முன்னால வந்து உக்காந்தே மூணு வாரம்தான் ஆகுது."