கண் முழித்தால்

நர்ஸ் வெளியே வந்து அவள் முழங்கையைத் தொட்டாள்.

"கண்ணு முழிச்சிட்டாங்கம்மா. அஞ்சு நிமிஷம். ஒருத்தர் மட்டும்."

அவள் எழுந்து நின்றாள்.

நான்கு நாளாயிற்று. செவ்வாய்க்கிழமை காலை, ஷூ லேஸ் கட்டக் குனிந்த அவள் கணவர் அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். அன்றிலிருந்து அவளுக்கும் அவருடைய தங்கை எஸ்தருக்கும் ஐ.சி.யூ. வாசலின் இரும்பு நாற்காலிகள்தான்.

எஸ்தர் அழத் தொடங்கியிருந்தாள். சந்தோஷத்தில்.

"கண்ணு முழிச்சா அண்ணன் பேசிருவாங்கன்னு டாக்டர் சொன்னாங்கல்லா மைனி?"

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

கண் முழித்தால்தான் பேச்சு வரும் என்றார்.

பத்தொன்பது வருடமாக அவள் கல்லூரியில் தர்க்கவியல் எடுக்கிறாள். முதலாமாண்டில் இதற்கென்றே ஒரு வாரம் ஒதுக்குவாள். 'ஆல்' வேறு, 'ஆல்தான்' வேறு. கரும்பலகையில் 'தான்' மேல் இரண்டு முறை வட்டம் போடுவாள். ஹால் டிக்கெட் இருந்தால்தான் பாஸாக முடியும். அதற்காக, ஹால் டிக்கெட் இருந்தாலே பாஸ் என்று ஆகிவிடுமா?

பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, பரீட்சையில் பாதிப் பேர் தப்பாக எழுதுவார்கள். அந்தக் கேள்விக்கு அவள் அரை மார்க்கூடப் போடுவதில்லை.

டாக்டர் சொன்னபோது எஸ்தரும் பக்கத்தில்தான் நின்றாள். அந்த இரண்டெழுத்து மட்டும் அவள் காதில் விழவில்லை.

திருத்த வாயெடுத்தாள். எஸ்தரின் முகத்தைப் பார்த்தாள்.

"இரு. பாத்துட்டு வாரேன்."

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

அவர் கண்கள் திறந்திருந்தன. மேற்கூரையைப் பார்த்தன. அவள் குறுக்கே போய் நின்றாள்.

அப்போதும் மேற்கூரையைத்தான் பார்த்தன.

"ஏங்க."

கையைப் பிடித்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. விரல் அசையவில்லை.

நான்கு நாளாகத் தானும் எஸ்தரைப் போலவே நம்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கண் திறந்ததும் அவர் முதலில் என்ன சொல்வார் என்றுகூட நினைத்து வைத்திருந்தாள். காப்பி கேட்பார். சீனி போட்டு.

எத்தனை பிள்ளைகளுக்கு அரை மார்க் கொடுக்காமல் விட்டிருப்பாள்.

குனிந்து அவர் காதருகே போனாள்.

"நீங்க பேசினாலும் சரி, பேசாட்டியும் சரி. நாம வீட்டுக்குப் போவோம்."

இமை ஒருமுறை மூடித் திறந்தது. பதிலா, வெறும் இமைப்பா என்று தெரியவில்லை. அவள் எந்த முடிவுக்கும் வரவில்லை.

தாடி வளர்ந்திருந்தது. அவள் நினைத்ததைவிட நரை அதிகம். புறங்கையால் தடவிப் பார்த்தாள்.

"நாளைக்கு ஷேவ் பண்ணிவிடலாமா சிஸ்டர்?"

"பண்ணலாம்மா. செட்டு நீங்கதான் கொண்டு வரணும்."

வெளியே எஸ்தர் கதவை ஒட்டியே நின்றிருந்தாள்.

"பேசினாங்களா மைனி?"

"நாளைக்கு வரும்போது அண்ணனோட ஷேவிங் செட்டை எடுத்துட்டு வா."

எஸ்தர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"பிளேடு இருக்கா, வாங்கணுமா?"

"புதுசு வாங்கு."