நடுங்காமல் இழுக்கவும்

கைநடுக்க வைத்தியத்துக்குப் பெயர்போன மருத்துவரிடம் ஒரே ஓர் இடம்தான் மிச்சம் என்கிறது என் கைபேசி. அதைப் பிடிக்க, மருத்துவமனைச் செயலியில் சாதாரணப் பொத்தான் கிடையாது. யாரோ ஒரு மகாராசன் புதிதாய்க் கண்டுபிடித்த நீல உருண்டைதான் இருக்கிறது. விரலை எடுக்காமல், கோடு பிசகாமல் அதைத் திரையின் மறுகோடிக்கு இழுக்க வேண்டும். என் விரலோ பூகம்பத்துக்குப் பங்காளி. பாதி வழியில் உதறுகிறது. உருண்டை தொடங்கிய இடத்துக்கே ஓடிவிடுகிறது. சன்னல் வெயிலில் திரை முழுக்க என் வியர்வைக் கோடுகள் மினுங்குகின்றன.

"நடுங்காத கைக்கு எதுக்குங்க இந்த டாக்டர்?" என்கிறாள் மனைவி. வேலை செய்து தேய்ந்த அவள் விரலை இந்தத் திரை விரலாகவே மதிப்பதில்லை. அதனால் என் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கிறாள்.

"மூச்சு விடாதீங்க."

உருண்டை நகர்கிறது. ஓரத்துக்கு ஒரு நகக்கண் தூரம். அப்போது அவள் கையும் நடுங்கத் தொடங்குகிறது.