மூன்றாவது பந்து

வைரஸ் காய்ச்சல் வந்து போனதிலிருந்து சவரிமுத்துவால் பெண்டாட்டி செலினை அடிக்க முடியவில்லை. கையை ஓங்கினாலே மூச்சு வாங்கியது. மூச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த கருவியில் குழாயை வாயில் வைத்து இழுத்தால், பிளாஸ்டிக் கூண்டுக்குள் மூன்று பந்துகளும் ஒவ்வொன்றாக மேலே ஏற வேண்டும். முதல் பந்து ஏறிய அன்று செலினை அவள் அம்மாவையும் சேர்த்துத் திட்டினான். இரண்டாவது ஏறிய அன்று சோற்றுத் தட்டை அவள் முகத்தில் வீசினான். புருவத்தில் நாலு தையல். அன்றே அவள் ஊசியைக் காய்ச்சி, குழாயின் மடிப்பில் ஒரு துளை போட்டாள். ஒரு மாதம் கண் பிதுங்க இழுத்தும் மூன்றாவது பந்து அசையவில்லை. தனக்கு இன்னும் பலம் வரவில்லை என்று அவனும் நம்பிக் கிடந்தான்.

இன்று வந்த பிசியோதெரபிப் பெண் குழாயைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஓட்டைக் குழாய்லயாண்ணே இத்தன நாளா இழுத்தீங்க? கருகியிருக்கு பாருங்க, எதுலயோ பட்டிருக்கு. பாதி இழுப்பு ஓட்டையில வீணாப் போயும் விடாம இழுத்திருக்கீங்கன்னா, நெஞ்சுல ரெண்டு மடங்கு பலம் ஏறியிருக்குமே!"

புதுக் குழாயை மாட்டிக் கொடுத்தாள். சவரிமுத்து இழுத்தான். மூன்று பந்துகளும் ஒன்றாகப் பாய்ந்து உச்சியில் டக்கென்று மோதின. அந்தப் பெண் கைதட்டினாள். அவன் செலினையே பார்த்தபடி இழுத்துக்கொண்டிருந்தான்; பந்துகள் இறங்கவே இல்லை.