துடைக்காத பக்கங்கள்

“கேஸ் கசியுது. கதவு திறக்கல.”

காலியாக இருந்திருக்க வேண்டிய பக்கத்தில் இந்த வரி கிடந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அதை மறுபடி படித்தாள்.

விஷயம் இதுதான். ஒரு பெரிய கணினிக்குள் பல நிறுவனங்களின் ‘விர்ச்சுவல் மெஷின்’கள் வாடகைக்குக் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றும் மொத்த வீடும் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொள்ளும். உண்மையான சொந்தக்காரர் ஹைப்பர்வைசர் என்ற நிரல்தான். கணினியின் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுப்பதும், ஒருவர் விட்ட பக்கத்தை வாங்கி, துடைத்து, அடுத்தவருக்குக் கொடுப்பதும் அதன் வேலை.

அப்படித் துடைப்பதில்தான் கோளாறு. இடநெருக்கடி வந்தால் போதும், அவசரத்தில் பழைய எழுத்தோடு அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுகிறது. ஒருவருடைய ரகசியம் இன்னொருவர் கைக்குப் போனது வெளியே தெரிந்தால், கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். அந்த நிரலை எழுதியதே அவள்.

காலையில் வந்ததும் வேலையைத் தொடங்கிவிட்டாள். தன் சோதனை மெஷினுக்கு இடம் பிடிக்க, யாருடையது என்றே தெரியாத ஒரு குட்டி மெஷினை நிறுத்தி வைத்தாள். பிறகு நெருக்கடி உண்டாகும்வரை பக்கங்களைக் கேட்டுக் கேட்டு வாங்கினாள். அதில் ஒன்றில்தான் இந்த வரி.

கணவனுக்குப் போன் செய்தாள். இதே அலுவலகத்தில் கணினிகளைக் கழற்றிப் பூட்டும் வேலை அவனுக்கு. அவன் மேசையில் காகிதங்களுக்கு அடியிலிருந்து போன் அடித்தது. ஆளைக் காணோம்.

‘வீம்பு’ என்று நினைத்துக்கொண்டாள். காலையில் காரில் வரும்போது சண்டை.

“ஊரார் விட்டுட்டுப் போன பக்கத்தையெல்லாம் தேடித் தேடிப் படிக்கிற. நான் அனுப்புற மெசேஜ மட்டும் படிக்கிறதே இல்ல.”

“படிக்கிற மாதிரி எழுதுங்க, படிக்கிறேன்.”

அதோடு இறங்கிப் போனவன்தான்.

மறுபடி பக்கங்களைக் கேட்டாள். வேறொரு வரி வந்தது. “தலை சுத்துது. சீக்கிரம் வா.”

யாரோ யாரையோ உரிமையோடு கூப்பிடுகிறார்கள். அது அவர்களுக்குப் போய்ச் சேராமல் தன்னிடம் வந்து கிடக்கிறதே!

மேலாளர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். “லிஃப்ட் பக்கக் கதவுல கார்டு வேலை செய்யல. மாடி ஏறிச் சுத்தி வர்றதுக்குள்ள உயிரே போயிடுச்சு. சரி பண்ணிட்டியாம்மா?”

“சார், இதப் பாருங்க. யாரோ சாகக் கெடக்கிறாங்க.”

அவர் படித்தார். முகம் வெளிறியது. “கேஸ் ஏஜென்சியோட மெஷினும் இதுலதானே ஓடுது? அவங்களுக்கு வந்த புகாரா இருக்கும்.”

“போன் பண்ணிச் சொல்லுங்க சார்.”

“என்னன்னு சொல்றது? உங்களுக்கு வந்த கடுதாசியப் பிரிச்சுப் படிச்சோம்னா? அவங்களுக்கும்தான் வந்திருக்கும், ஆள் அனுப்பியிருப்பாங்க. நீ மொதல்ல ஓட்டைய அடை.”

“அடைச்சிட்டா அப்புறம் இந்த ஆள் என்ன ஆனார்னு நமக்குத் தெரியவே தெரியாது சார்.”

“தெரிய வேணாம்னுதான் அடைக்கச் சொல்றேன்!”

கடைசியாக ஒருமுறை பக்கங்களைக் கேட்டாள். ஒரே ஒரு எழுத்து வந்தது. “வா”. அதற்குப் பிறகு யாரோ விசைகளின்மேல் கையை வைத்து அழுத்தியதுபோல் பொருளில்லாத குறிகள் நீளமாக ஓடின.

நிரலில் சேர்க்க வேண்டியது ஒரே வரிதான்: எவ்வளவு அவசரமானாலும், கொடுக்கும் முன் துடை. எழுதினாள். பொத்தானை அழுத்தப் போன விரல் பாதியில் நின்றது.

“ம்” என்றார் மேலாளர்.

அழுத்தினாள். மீண்டும் பக்கங்களைக் கேட்டாள். எல்லாம் சுழியம். எத்தனை முறை கேட்டாலும் சுழியம். உயிரோடு இருந்த ஒருவரைத் தன் கையாலேயே துடைத்துவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

“அப்பாடா!” மேலாளர் நாற்காலியில் சரிந்தார்.

பழக்கதோஷத்தில், காலையில் நிறுத்தி வைத்த குட்டி மெஷினைத் திரும்ப ஓடவிட்டாள். அடுத்த நொடி, நடைபாதை நெடுக ‘டக், டக், டக்’ என்று கதவுப் பூட்டுகள் விடுபட்டன.

“அடடா, கதவுகளோட மெஷினா அது?” என்றார் மேலாளர். “அதான் கார்டு வேலை செய்யலயா!”

அவர் சிரித்து முடிப்பதற்குள் நடைபாதையில் காலடிகள் தடதடத்தன. காவலாளி தோளில் ஒருவனைத் தாங்கியபடி உள்ளே வந்தான். நீலம் பாரித்த உதடுகள், இருமல், நிற்க முடியாத கால்கள். அவள் கணவன்.

“சர்வர் ரூம்ல மாட்டிக்கிட்டாரும்மா. தீயணைக்கிற கேஸ் சிலிண்டர் கசிஞ்சிருக்கு. போனும் உள்ள கொண்டுபோகக் கூடாதுல்ல? இப்பதான் கதவு தொறந்துச்சு. அங்க இருக்கிற பெரிய கம்ப்யூட்டரோட கீபோர்டு மேலயே சாஞ்சு கெடந்தாரு.”

அவள் ஓடிப்போய் அவன் முகத்தை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டாள். அவன் மெல்லக் கண் திறந்தான்.

“நீ தேடிப் படிப்பேன்னுதானே அந்த விட்டுட்டுப் போன பக்கத்துல எழுதினேன்… அதையும் படிக்கலையா?”