சுரண்டிய சீட்டு

ஐரிஷ் மொழிச் சொற்களுக்குத் தமிழ் வேர் உண்டென்று என் தந்தை எழுதிய நூலுக்காகவே எங்கள் வீதிக்கு அவர் பெயர் வைத்தார்கள். சொற்களை அவர் எழுதிவைத்த சீட்டுகளை ஐம்பது ஆண்டுகளாக யாரையும் நான் தொடவிட்டதில்லை. இன்று, ஐரிஷ் படித்த ஆய்வாளர் மதிவதனி ஒரு சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள்.

"ஐயா, இந்த ஐரிஷ் சொல்லுக்குப் பொருள் 'வேலி'ன்னு இருந்திருக்கு. பிளேடால சுரண்டிட்டு 'வீடு'ன்னு எழுதியிருக்கு."

"எங்கப்பா அப்படிச் செய்யறவர் இல்லம்மா."

"அயர்லாந்துக்காரன் நமக்குச் சம்பந்தியான்னு எங்க புரொபசர் ஏற்கெனவே சிரிக்கிறார். இதைப் பாத்தா உங்கப்பாவைப் பொய்யர்னே எழுதிடுவார். எனக்கென்னமோ இது வேற யாரோ கைன்னு படுது."

தந்தை அந்த நூலை எழுதியபோது எனக்குப் பதினெட்டு வயது. சீட்டுகளை அடுக்கித் தருவது என் வேலை. தமிழோடு பொருந்தாத அந்த ஒரு சொல்லுக்காகத் தந்தை மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தார். நான்காம் நாள் சீட்டை நெடுநேரம் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தார்.

"சீட்டுகளைக் கொண்டுபோறேன். கொடுத்ததா உங்க கையால எழுதிக் குடுங்க. முகவரியோட," என்றாள் மதிவதனி.

மறுத்தால் பழி தந்தைக்கு. நிமிர்ந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். என் பெயரை எழுதினேன். கதவு எண்ணை எழுதினேன். தந்தையின் பெயரை எழுதினேன். அடுத்து 'வீதி' என்று எழுத வேண்டும். மதிவதனி, 'வீடு' என்றிருந்த அந்தச் சீட்டை மெல்ல நகர்த்தி என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.