டாக்ஸ் ஆன்ட்டி

கதவைத் திறந்தால், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் அதிகாரி நின்றிருந்தார்.

"மிசஸ் குமாரசாமி?"

"யெஸ்" என்றாள் கலாவதி.

கவுண்டி, அதாவது மாவட்ட, சுகாதார அலுவலகமாம். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பதாகப் போனில் புகார் வந்திருக்கிறதாம். கராஜில் இருக்கும் ஃபிரிட்ஜைப் பார்க்க வேண்டுமாம்.

போயும் போயும் கலாவதி வீட்டிலா!

சுகர் லேண்ட் என்ற அந்த அமெரிக்க ஊரின் தமிழர்களிடையே அவளுக்கு டாக்ஸ் ஆன்ட்டி என்றுதான் பெயர். பிறந்தநாள் விருந்தோ பொங்கல் விழாவோ, தட்டில் சோறு விழுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள். உழைக்கிறவன் பையில் கைவிடுவதற்குப் பெயர்தான் வரி. விற்கிறவள் விற்கிறாள், வாங்குகிறவள் வாங்குகிறாள், நடுவில் சர்க்காருக்கு என்ன வேலை?

பேசட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு. எண்ணெய்க் கம்பெனியில் கணவருக்கு வேலை போனபோது, யாரிடமும் போய் நிற்காமல் ஒரே ஒரு கிரைண்டரை வைத்து வீட்டைக் கரையேற்றியவள். இன்றைக்கும் அந்த மாவுதான் சோறு போடுகிறது.

தென்றல் என்ற பெண் பின்தெருவுக்கு வாடகைக்கு வந்து தானும் மாவு விற்க ஆரம்பித்தபோது, எல்லோரும் டாக்ஸ் ஆன்ட்டியின் வாயைத்தான் பார்த்தார்கள்.

"விக்கட்டுமே! போட்டி இருந்தாத்தானே மாவு பொங்கும்" என்று சிரித்தாள் கலாவதி.

தென்றலின் மாவு நன்றாகவே பொங்கியது. வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போனார்கள்.

இப்போது அதிகாரியிடமும் அதே பேச்சை எடுத்தாள். விற்கிறவள், வாங்குகிறவள், நடுவில் சர்க்கார். குரல்தான் ஏறவில்லை. அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கராஜ் எந்தப் பக்கம் என்றார்.

தெருவில் போய்க்கொண்டிருந்த கார் ஒன்று நின்றது. தென்றல் இறங்கி ஓடிவந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க டென்ஷன் ஆகாதீங்க. நான் பேசிக்கிறேன்."

பேசினாள், இங்கிலீஷில், மூச்சுவிடாமல். இந்த ஆன்ட்டியின் பேச்சைக் கேட்டுத்தான் தனக்கே தொழில் தொடங்கும் தைரியம் வந்தது என்றாள். சொந்தக் காலில் நிற்கிறவளை உட்கார வைப்பதற்கா சர்க்கார் என்று கேட்டாள். ஆன்ட்டியின் ஃபிரிட்ஜைத் திறந்தால் என் ஃபிரிட்ஜையும் வந்து திறங்கள் என்றாள்.

அதிகாரி அவள் பெயரைக் கேட்டார்.

"தென்றல் குமாரசாமி."

அது அவள் அப்பா பெயர். கோயமுத்தூர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு குமாரசாமி இருப்பார். இங்கே வந்தால் கட்டினவர் பெயரோ பெற்றவர் பெயரோ, ஏதோ ஒன்று லாஸ்ட் நேம் ஆகிவிடுகிறது.

அதிகாரி நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வீட்டு நம்பர் தெரியாவிட்டால் பரவாயில்லை, லாஸ்ட் நேம் போதும் என்று அன்றைக்குக் கவுண்டி ஆபீசில் போனை எடுத்தவன் சொல்லியிருந்தான். கலாவதியும் தென்றலின் லாஸ்ட் நேமைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அது தன் பெயரும்தான் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. வையாதீர்கள் அவளை. பேங்க்கிலும் டாக்டர் ஆபீசிலும் தவிர யார் அவளை அப்படிக் கூப்பிட்டார்கள்?

வாடகைக்காரியின் பெயர் கவுண்டியிடம் இல்லை. அந்த வட்டாரத்தில் சொத்து வரி கட்டுகிற குமாரசாமி வீடு ஒன்றே ஒன்றுதான்.

உங்களில் யாரைப் பற்றிய புகார் இது என்று கேட்டார் அதிகாரி.

தென்றல் கலாவதியின் தோளை அணைத்துக்கொண்டாள். "எந்தப் பாவி ஆன்ட்டி உங்களைப் போட்டுக்குடுத்தது?"

கலாவதி அதிகாரியிடம், "இட்ஸ் மீ" என்றாள்.

பிறகு தென்றல் பக்கம் திரும்பி, "நான்தான்" என்றாள்.